மலையடிவாரத்தில் மனை வாங்கி வீடு கட்ட: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தொண்டாமுத்தூர், தடாகம், ஆனைகட்டி, மேட்டுப்பாளையம், ஆனைமலை, போடி, பெரியகுளம், தென்காசி, செங்கோட்டை என்று மேற்குத் தொடர்ச்சி மலை சமவெளியில் இறங்கும் ஊர்களில் இடம் தேடுகிறவர்களுக்காக எழுதியது இது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை நகரங்களுக்குத் தனி விதிகள் உண்டு; அவை இங்கே இல்லை.

அடிவார நிலம் பார்வைக்குச் சமதளமாகத்தான் இருக்கும். ஆனால் மலையில் பெய்யும் மழை அதன் வழியாகத்தான் இறங்குகிறது, யானையும் அதன் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் சமவெளி மனைக்குப் போதுமான ஆவணங்கள் இங்கே போதாது. பெரும்பாலானவர்கள் சிக்குவது ஒரே இடத்தில்தான்: அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அதன் பிறகு அனுமதியைப் பற்றி விசாரிப்பது. கீழே உள்ளவற்றில் முதல் ஆறு படிகள் பணம் கைமாறும் முன் முடிய வேண்டியவை.

1. முதலில் வருவாய் கிராமத்தின் பெயர்

தமிழ்நாட்டில் மலையும் மலை சார்ந்த பகுதிகளும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. எல்லோரும் 'ஹாகா' என்று சொல்வது இதைத்தான். 1990-இல் அமைக்கப்பட்டது. எந்தெந்த ஊர்கள் இதில் அடங்கும் என்ற பட்டியல், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் 2003-ஆம் ஆண்டு அரசாணை எண் 49-இல் இருக்கிறது.

இந்தப் பட்டியல் வருவாய் கிராமங்களின் பட்டியல். உங்கள் மனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு சரிவு என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. கிராமம் பட்டியலில் இருந்தால், மலை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் கிடக்கும் தென்னந்தோப்பும் ஹாகாதான். ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும் தோப்பு பட்டியலில் இல்லாத அடுத்த கிராமமாக இருந்தால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே 'பக்கத்துக்காரர் அனுமதி வாங்கிக் கட்டியிருக்கிறாரே' என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விளம்பரத்தில் போடுவது ஊர்ப் பெயர். பத்திரத்தில் இருப்பது வருவாய் கிராமப் பெயர். இரண்டும் பல இடங்களில் வேறுவேறு. விற்பவரிடம் புல எண்ணையும் (சர்வே நம்பர்) உட்பிரிவையும் வருவாய் கிராமப் பெயரையும் எழுதி வாங்குங்கள். அந்தப் பெயரை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கொடுத்துப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போட்டால் 30 நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். அதே மனுவில், 'இந்தப் புல எண்ணில் மனைப்பிரிவு அனுமதி தரப்பட்டிருந்தால் அதன் ஆணை நகல், வரைபட நகல்' என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கான மத்திய அரசின் சூழல் கூருணர்வுப் பகுதி வரைவு அறிவிப்பைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அது வரவே வராது என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. 2024 ஜூலை 31-இல் வெளியான வரைவில் தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டர் சேர்க்கப்பட்டது. கல்குவாரி, சுரங்கம், மணல் அள்ளுதல், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடம், 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நகரியம் ஆகியவற்றைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். தனி வீடு அந்தத் தடையில் வராது. ஆனால் உங்கள் மனைக்கு மேலே இனி குவாரி வருமா என்பதை அந்தக் கிராமப் பட்டியல் ஓரளவு சொல்லும். அதனால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2. பட்டா மட்டும் போதாது, அ-பதிவேட்டையும் பாருங்கள்

தமிழ்நிலம் இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் உரிமையையும் காட்டும் கிராமப் பதிவேடு), புலப்படம் (அந்தப் புலத்தின் அளவு வரைபடம்) நான்கையும் எடுக்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள்.

அடிவாரத்தில் அ-பதிவேட்டில் தேட வேண்டியவை சில உண்டு. வகைப்பாடு 'தரிசு', 'ஓடை', 'காடு', 'மேய்ச்சல்' என்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். நிபந்தனைப் பட்டா, பூமிதான நிலம், பஞ்சமி நிலம், நில உச்சவரம்பில் எடுத்துப் பிரித்துக் கொடுத்த நிலம் ஆகியவை மலையோரக் கிராமங்களில் நிறைய உண்டு. பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால் அந்தக் கிரயம் நிற்காது. எத்தனை கை மாறியிருந்தாலும் நிற்காது. இப்போதைய பட்டாவில் இந்த விவரம் தெரியாமல் போகலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டு நகல் கேட்டு வாங்குங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) பூஜ்யம் என்று வந்தால் அரசு நிலமாகவோ கோயில் நிலமாகவோ குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தரகர் 'கணினிப் பிழை' என்பார். பிழையாக இருந்தால் விற்பவரே திருத்தி வாங்கிக் கொடுக்கட்டும், அதுவரை காத்திருங்கள்.

3. தண்ணீர் வரும் வழி

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஆவணக் கோளாறைப் பணத்தாலும் காலத்தாலும் ஓரளவு சரிசெய்யலாம். பள்ளத்தின் மேல் கட்டிய வீட்டை எதனாலும் சரிசெய்ய முடியாது.

மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், கொங்குப் பக்கத்தில் பள்ளம் என்பார்கள், ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் ஓடும். மீதி நாளெல்லாம் வண்டித்தடம் போல, முள் படர்ந்த சரிவு போலக் கிடக்கும். கோடையில் மனை பார்க்கப் போகிறவருக்கு அது ஓடை என்றே தெரியாது.

புலப்படத்தில் ஓடையை இரட்டைக் கோடாக வரைந்திருப்பார்கள். ஆனால் புலப்படம் ஒரு புல எண்ணைத்தான் காட்டும். உங்கள் புலத்தில் கோடு இல்லை என்பதால் தண்ணீர் வராது என்று ஆகிவிடாது. நில அளவைத் துறையில் கிராம வரைபடம் வாங்குங்கள். மலையை நோக்கிய பக்கத்தில் அடுத்தடுத்த நான்கைந்து புலங்களின் புலப்படத்தையும் எடுத்து, ஓடை எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது என்று பென்சிலால் இணைத்துப் பாருங்கள். கோடு மேலே ஒரு புலத்தில் திடீரென நின்று கீழே இன்னொரு புலத்தில் மறுபடி தொடங்கினால், நடுவில் இருப்பது உழுது மூடிய பள்ளம். உங்கள் மனை அந்த இடைவெளியில் இருந்தால் வேண்டவே வேண்டாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தையும் இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடுகள் மலைப்பக்கமாக வளைந்து 'வி' போலத் தெரியும்.

பிறகு நேரில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் காலையில் போவது சிறந்தது. வேலியில் சிக்கிய சருகு எந்த உயரத்தில் நிற்கிறது, ரோட்டில் மணல் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். மனையின் கீழ்மூலையில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். செம்மண்ணுக்கு நடுவே ஒரு சாண் தடிமனில் ஆற்று மணலும், முனை மழுங்கிய உருண்டைக் கற்களும் வந்தால், அங்கே முன்பு வெள்ளம் ஓடியிருக்கிறது, இன்னும் ஓடலாம். கூர்முனை உள்ள கற்கள் மண்ணோடு கலந்து கிடந்தால் மலையிலிருந்து சரிந்து வந்த மண் அது. ஆடு மேய்ப்பவர்களிடம், 'பெருமழைக்கு தண்ணி எந்தப் பக்கமா வருமுங்க?' என்று கேளுங்கள். விற்பவரும் தரகரும் உடன் இல்லாதபோது கேளுங்கள்.

'பள்ளத்தில் குழாய் பதித்து மூடிவிட்டோம்' என்பது மனைப்பிரிவுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே 20 ஹெக்டேர் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது. மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை. அதில் பாதி ஓடிவருகிறது என்று வைத்தால், நொடிக்கு ஏறத்தாழ 1.67 கன மீட்டர். 600 மில்லிமீட்டர் சிமென்ட் குழாய் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நிரம்பி ஓடினாலும் 0.85 கன மீட்டர்தான் கடத்தும். பாதித் தண்ணீர் வெளியே. இதுவும் குழாய் சுத்தமாக இருந்தால்தான். முதல் வெள்ளத்திலேயே மரக்கிளையும் கல்லும் வாயை அடைத்துவிடும். பிறகு முழுத் தண்ணீரும் மனை மேல்தான்.

4. சரிவும் மண்ணும்

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். மனையின் மேல்மூலையிலிருந்து 20 மீட்டர் கீழே போய் உயர வித்தியாசத்தை அளங்கள். 3 மீட்டர் என்றால் 15 விழுக்காடு, சுமார் எட்டரை டிகிரி. இதுவரை சாதாரண வீட்டுக்குப் பெரிய தொல்லை இல்லை. 20 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கினால் தடுப்புச் சுவர்ச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசாதீர்கள். அதற்கு மேல் என்றால் மண்ணியல் தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துப் போகாமல் முடிவெடுக்காதீர்கள்.

மனையை மட்டும் பார்க்காமல் அதற்கு மேலே இருப்பதையும் பாருங்கள். அடிமரம் வளைந்து நுனி நிமிர்ந்த மரங்கள், ஒரே பக்கம் சாய்ந்த வேலிக்கல், கோடையிலும் ஈரம் கசியும் வரி, வீட்டளவு உருண்டைப் பாறைகள். இவை சரிவு நிலையாக இல்லாமல் இருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள். 2024 டிசம்பர் 1-இல் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டில் இருந்த 7 பேர் இறந்தார்கள். அது நகருக்குள் இருக்கும் அடிவாரம். மேலே என்ன நடக்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. அதனால்தான் கொஞ்ச தூரமாவது ஏறிப் பார்க்கச் சொல்கிறோம்.

5. காட்டின் எல்லை

வனத்துறை காப்புக்காட்டின் எல்லையை எல்லைக் கற்களை வைத்து அளக்கும். யானைத் தடுப்பு அகழி எல்லைக்கு உள்ளேயும் வெட்டப்பட்டிருக்கலாம். எனவே அகழியிலிருந்து அளந்து சொல்லும் தூரத்தை நம்பாதீர்கள்.

பட்டா இருந்தாலும் அந்த நிலம் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டிருந்தால் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ மரம் வெட்டவோ முடியாது. மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. மனையைச் 'சுத்தம் செய்து' தருகிறேன் என்று விற்பவர் மரங்களை வெட்டியிருந்தால் அதன் வழக்கு நிலத்தோடு உங்களிடம் வரும்.

யானை வழித்தடம் என்ற சொல்லை யாராவது எடுத்தால் அலட்சியம் செய்யாதீர்கள். நீலகிரியின் சீகூர் வழித்தடத்தில் பட்டா நிலத்தில் நின்ற விடுதிகளும் மூட வேண்டியதாயிற்று. 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது. சரணாலயத்தைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் ஒவ்வொரு சரணாலயத்துக்கும் தனி அறிவிப்பில் இருக்கும். மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள்.

மனைக்குப் போகும் பாதையின் ஒரு துண்டு வன நிலமாக இருந்தால், இன்று வண்டி போகிறது என்பது நாளைக்கு உரிமை ஆகாது. அணுகுபாதையின் ஒவ்வொரு புல எண்ணையும் அ-பதிவேட்டில் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. பிறகு கட்டுமான லாரியைத் தடுத்து நிறுத்தும்போதுதான் தெரியவருகிறது.

6. மனைப்பிரிவு அனுமதியும் 'பண்ணை நில' விற்பனையும்

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 அக்டோபர் 20 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. அதைச் சுற்றி வர அடிவாரத்தில் கண்டுபிடித்த வழி, பண்ணை நிலம் என்ற பெயரில் 10 சென்ட், 20 சென்ட் துண்டுகளாக விற்பது. ரோடு, கேட், தெருவிளக்கு எல்லாம் இருக்கும். பத்திரத்தில் மட்டும் 'புஞ்சை நிலம்' என்று இருக்கும். பதிவும் ஆகிவிடும். வீடு கட்ட அனுமதி கேட்கும்போது மனைப்பிரிவே அங்கீகரிக்கப்படவில்லை என்று மனு திரும்பி வரும். 'பிரிக்கப்படாத பாகம்' என்று எழுதி விற்பதும் இதே கதைதான்.

அங்கீகரிக்கப்பட்டது என்று சொன்னால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஆணை எண், தேதி, முத்திரையிட்ட வரைபடம் மூன்றையும் கேளுங்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் ஹாகா கிராமத்தில் செல்லாது. 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ உள்ள திட்டம் என்றால் ரெரா (மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் வேண்டும். வரைபடத்தில் உள்ள ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா என்பதை வில்லங்கத்தில் பாருங்கள்.

2016 அக்டோபர் 20-க்கு முன்பே பத்திரம் பதிவான அங்கீகாரமற்ற மனை என்றால், மலையிடப் பகுதி மனைகளை வரன்முறை செய்ய 2020-இல் வந்த தனி விதிகளின்படி இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வாங்கும் நாளில் விண்ணப்பம் பெறுகிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிரய ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் ஆதாரமாக ஏற்கப்படாது.

மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு இவை மூன்றும் கட்டட அனுமதி ஆகா. சிறிய வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்று இல்லாமலேயே மின் இணைப்பு கிடைக்கும். அதைக் காட்டி 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

7. தடையின்மைச் சான்றுகள்

ஹாகா கிராமத்தில் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் பல துறைகளின் கருத்து தேவை. ஒவ்வொன்றும் வேறொன்றைப் பார்க்கிறது. அது தெரிந்தால் மனுவோடு எதைச் சேர்ப்பது என்பதும் தெரியும்.

வருவாய்த் துறை உரிமையையும் வகைப்பாட்டையும் புறம்போக்கு கலந்திருக்கிறதா என்பதையும் பார்க்கும். நஞ்சை என்றால் வீட்டுமனையாக மாற்ற ஆட்சியரின் ஒப்புதல் தனியாக வேண்டும். மாவட்ட வன அலுவலர் காட்டெல்லைத் தூரம், வனவிலங்கு நடமாட்டம், மரங்கள் ஆகியவற்றைப் பார்ப்பார். புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநர் பாறை, மண்சரிவு வாய்ப்பு, அருகிலுள்ள குவாரி ஆகியவற்றை ஆராய்வார். வேளாண்மைப் பொறியியல் துறை மண் அரிப்பையும் வடிகாலையும் பார்க்கும். ஓடை அருகில் இருந்தால் நீர்வளத் துறையின் வெள்ள அபாயக் கருத்தும் சேரும்.

கையில் வைத்திருக்க வேண்டிய கோப்பு: கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு, அடங்கல், புலப்படம், சுற்றுப் புலங்களைச் சேர்த்து வரைந்த கூட்டு வரைபடம், ஒரு மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு வரைந்த நில அளவை, பதிவுபெற்ற பொறியாளரின் கட்டட வரைபடம், வெட்டும் நிரப்பும் எவ்வளவு என்று காட்டும் குறுக்குவெட்டு, மழைநீர் போகும் வழி. கடைசி இரண்டும் இல்லாத கோப்புகள்தான் அதிகம் திரும்பி வருகின்றன. கேட்டு அலையவிடும் முன் நீங்களே வைத்துவிடுங்கள்.

எல்லா ஆவணத்திலும் பெயர், தந்தை பெயர், பரப்பளவு ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர்ஸ். ஒரு ஏர் 2.47 சென்ட். பத்திரத்தில் 12 சென்ட் என்றிருந்து பட்டாவில் 4.50 ஏர் என்றால் அது 11.1 சென்ட்தான். இந்த வித்தியாசத்தை முதலில் நில அளவை மனு போட்டுத் தீர்த்துவிட்டு அனுமதிக்குப் போங்கள். ஒரு துறை ஒரு பரப்பளவுக்கும் இன்னொரு துறை வேறு பரப்பளவுக்கும் சான்று கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டிவரும்.

மனு இணையவழி ஒற்றைச் சாளரத்தில் போகும். ஆனாலும் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக இடத்தைப் பார்வையிட வரும். நான்கு மூலையிலும் கல் நட்டு, புல எண்ணை எழுதி வையுங்கள். முள்ளை வெட்டி நடக்கப் பாதை விடுங்கள். எல்லை தெரியாததாலேயே பார்வையிட்டவர் திரும்பிப் போய்விடுவதும், அடுத்த முறை வர வாரக்கணக்கில் ஆவதும் சாதாரணம். எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் மனு ஓடட்டும். ஒன்று முடிந்து அடுத்தது என்று காத்திருந்தால் காலம் இரட்டிக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஒதுக்கி வையுங்கள். வீட்டுக் கடன் வட்டி ஓடத் தொடங்குவதை அதற்கேற்பத் தள்ளிப் போடுங்கள்.

8. செலவு

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 20 லட்சம் மதிப்புக்கு 1,40,000-உம் 40,000-உம் சேர்த்து 1,80,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். அனுமதியின்போது ஆய்வுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் இவற்றோடு கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நல நிதிக்கு. 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அது 30,000 ரூபாய்.

அடிவாரத்தில் உண்மையில் வரவுசெலவைக் கவிழ்ப்பது இவை எதுவும் இல்லை. சமஉயர அளவை, மண் பரிசோதனை, தடுப்புச் சுவர், வடிகால், பொருள் ஏற்றும் கூடுதல் வாடகை ஆகியவைதான். மனை விலை சென்ட்டுக்கு எவ்வளவு குறைவு என்று பார்க்கும்போது இவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

9. மண் வெட்டுதலும் தடுப்புச் சுவரும்

அனுமதி வருமுன் ஜேசிபியை இறக்காதீர்கள். வெட்டிய மண்ணை மனைக்கு வெளியே கொண்டுபோகக் கனிமத் துறை அனுமதிச் சீட்டு வேண்டும். செம்மண் கொள்ளை நடந்த பகுதிகளில் கண்காணிப்பு கடுமை; சீட்டில்லாத லாரி பிடிபட்டால் வழக்கு நில உரிமையாளர் மேலும் வரும். வெட்டும் அளவும் நிரப்பும் அளவும் சமமாகும்படி வீட்டின் மட்டத்தை அமைத்தால் மண்ணை வெளியே அனுப்ப வேண்டியதே இல்லை.

வீட்டின் பாதி வெட்டிய கெட்டி நிலத்திலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கக் கூடாது. நிரப்பிய பக்கம் அமுங்கும். இரண்டும் சேரும் கோட்டில் சுவர் மேலிருந்து கீழே வெடிக்கும். நிரப்பிய பக்கத்துத் தூண்களின் அஸ்திவாரத்தைப் பழைய கெட்டி மண் வரை இறக்குங்கள். அல்லது வீட்டைச் சரிவுக்குக் குறுக்காக ஒடுக்கமாக வைத்து, தளத்தை இரண்டு மட்டமாகப் பிரியுங்கள்.

சுவரின் உயரம் இரட்டித்தால் அதன் மேல் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அந்த விசையே ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதனால்தான் அடிவாரச் சுவர்கள் மழையில் விழுகின்றன. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் கீழே இருந்த வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். சுவர் எழுப்புகிறவர் தன் மனையை மட்டும் எண்ணிக் கட்டக் கூடாது. கீழே தூங்குகிறவர்களின் உயிர் அந்தச் சுவரில் இருக்கிறது.

கருங்கல் சுவருக்குத் தோராய அளவு: அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, மேல் அகலம் 45 முதல் 60 சென்டிமீட்டர். 2 மீட்டர் உயரத்துக்கு அடியில் 1.1 மீட்டர், மேலே 0.5 மீட்டர் என்றால், 20 மீட்டர் நீளத்துக்கு 32 கன மீட்டர். கல் விற்கும் கணக்கில் 11 யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் 100 கன அடி) சற்று மேல். அஸ்திவாரமும் கழிவும் தனி. 75 அல்லது 100 மில்லிமீட்டர் பிவிசி குழாயை வெளிப்பக்கம் சாயும்படி ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என மாற்றி மாற்றி வையுங்கள். சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஜல்லி நிரப்புங்கள். ஜல்லி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் ஒரே மழையில் களிமண் அடைத்துவிடும். சுவர் எழும்பும்போதே ஜல்லியும் ஏற வேண்டும். கட்டி முடித்தபின் மேலிருந்து கொட்டினால் பாதி ஆழம்கூடப் போகாது. 3 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டுமென்றால் ஒரே சுவராகக் கட்டாமல் இரண்டு படியாகப் பிரித்து, கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தோடு கட்டுங்கள்.

வெட்டிய சரிவுக்கு மேலே சிமென்ட் பூசிய வடிகால் ஒன்று ஓடி மனைக்குப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீரைப் பக்கத்து மனைக்குத் திருப்பாமல் ஓடையிலேயே சேருங்கள். கழிவுநீர் உறிஞ்சுகுழியைச் சுவருக்கு மேற்புறம் வைக்காதீர்கள்; ஆண்டு முழுவதும் சுவரின் முதுகை நனைத்துக்கொண்டே இருக்கும்.

10. எந்த மாதத்தில் எதைச் செய்வது

ஐப்பசி, கார்த்திகையில் மனையை மழையில் பாருங்கள். மார்கழிக்குள் ஆவணங்கள். தையில் அளவையும் மண் பரிசோதனையும் முடித்து மனு. அனுமதி வந்த பிறகு மண் வெட்டு, தடுப்புச் சுவர், வடிகால் மூன்றையும் அடுத்த தை முதல் பங்குனிக்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியிலும் மழை வலுக்கும்; அங்கே சித்திரை தாண்டி மண் வெட்டக் கூடாது. வெட்டிய சரிவைச் சுவர் இல்லாமல் மழைக்குள் விடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆள் கிடைக்கவில்லை, கல் வரவில்லை என்றால் வெட்டையே அடுத்த தைக்குத் தள்ளி வையுங்கள்.

வேலி போடுவதற்கு முன் ஒரு தகவல். காப்புக்காட்டை ஒட்டிய இடங்களில் சூரிய மின்வேலி அமைக்க 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையின் அனுமதியும் பதிவும் வேண்டும்; வேலியில் நேரடி மின்சாரம் செலுத்துவது குற்றம். பழைய வேலியோடு இடத்தை வாங்குகிறவர் அதன் பதிவுச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

குடிபோன பிறகு முதல் மழைக்காலத்தில், பெருமழை நின்ற அரை மணி நேரத்தில் சுவரின் குழாய்களைப் பாருங்கள். எல்லாக் குழாயிலும் சற்றேனும் தண்ணீர் கசிய வேண்டும். கலங்கல் நீர் வந்தால் பின்னாலிருக்கும் மண் கரைகிறது. ஜல்லி சரியாக விழவில்லை. ஒரு குழாயிலும் தண்ணீர் வராமல் சுவர் மட்டும் நனைந்திருந்தால் பின்னால் நீர் நிற்கிறது. அன்றே கம்பியால் குழாயைக் குத்தித் திறந்துவிடுங்கள். கீழே வீடிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.